120 கிலோ என்பது யாருடைய எடை?

போன மாதம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். மிதிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதாம், பெடலை மாற்றவேண்டுமாம். கவிழ்த்துப் போட்டுத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பெடலில் ஒன்றுமில்லை. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, கீழ்க்குழாய் வெல்டிங்கோடு சேரும் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டியது. அலுமினிய பிரேம்.

"120 கிலோ தாங்கும்னுதானே புக்ல போட்டிருந்துச்சு? நான் 104தாண்ணே!"

அந்த 120 பெரும்பாலும் ஆள், பை, சைக்கிள் மூன்றும் சேர்ந்த கணக்கு. சைக்கிளே 15 கிலோ. விசாரித்தால், தினமும் பள்ளிக்கு மகளையும் கேரியரில் உட்கார வைத்துப் போகிறார். கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது.

அலுமினியம் ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைதான். விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டத்தான் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். தகட்டின் கனத்தை மாற்றாமல் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே, வளையாமல் நிற்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனால் ஸ்டீலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே சுமை இருந்தால், எத்தனை லட்சம் தடவை அசைந்தாலும் அதற்குக் களைப்பு வராது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஒவ்வொரு பள்ளமும் கணக்கில் ஏறும். அதற்காக அலுமினியம் மட்டம் என்று சொல்லவில்லை. நகர சைக்கிள் பிரேமை ஐஎஸ்ஓ 4210 தரத்தின்படி சோதிக்கும்போது, பெடல்களை மாற்றி மாற்றி 1,00,000 முறை 1000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 100 கிலோ கனத்தில் அழுத்துகிறார்கள். நல்ல அலுமினிய பிரேம் அதைத் தாண்டித்தான் வருகிறது.

ஸ்டீலிலும் எல்லாம் ஒன்றல்ல. சாதா ஸ்டீலும், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீலும் விறைப்பில் ஒன்றுதான், வலுவில்தான் வித்தியாசம். அதனால் குரோமோலியில் மெல்லிய குழாய் போதும். வெல்டிங் வரும் முனைகளில் கனமாகவும் நடுவில் மெலிதாகவும் குழாய் இழுக்கும் வித்தைக்கு ரெனால்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனிக்காரர்கள் 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

உடம்பு கொஞ்சம் கனம் என்றால் பிரேமுக்கு முன்னால் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். எடையில் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது. 36 கம்பி, அகலமான டயர். மாதாமாதம் கோட்டம் எடுக்கவேண்டி வந்தால் சக்கரம் உங்களுக்குப் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம் சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பம்: அதில் குறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது, பிரேம் அங்கேயே பிளக்கும்.

"ஆர்கான் வெல்டிங் வச்சுக் குடுத்துடுங்கண்ணே" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். இந்த அலுமினியத்தின் வலு சூளையில் பதப்படுத்தி வந்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். திரும்பப் பதப்படுத்த நம்மிடம் சூளை இல்லை. விரிசல் மறையும், வலு வராது.

சரி, பாகங்களைக் கழற்றி ஒரு ஸ்டீல் பிரேமில் ஏற்றினோம். பின்னால் 36 கம்பிச் சக்கரம். பழைய பிரேமை அவர் கண்ணெதிரிலேயே அறுத்து இரண்டாக்கிவிட்டுத்தான் காயலான் கடைக்குப் போட்டேன். முழுசாகப் போனால் யாராவது வெல்டிங் வைத்து விற்றுவிடுவார்கள்.