இரவை அளக்காத செடி, அவசரப்படாத மண்

வீட்டில் ஒன்றிரண்டு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆட்டோஃப்ளவர் விதை போட்டேன். இரசாயன உரம் வேண்டாம் என்று பிண்ணாக்கும் இலை ஊறல் தண்ணீரும் மட்டும்தான் கொடுக்கிறேன். செடி ஒரு சாணுக்கு மேல் ஏறவில்லை, கீழ் இலையெல்லாம் வெளிறிப்போய்விட்டது, ஆனால் பூ மட்டும் விட ஆரம்பித்துவிட்டது. பட்டினி கிடக்கும் செடி எதற்காகப் பூக்கிறது?"

அருமையான கேள்வி. ஆட்டோஃப்ளவர் என்பது இரவு நீளட்டும் என்று காத்திராமல், வயது வந்ததும் தானாகவே பூக்கும் கஞ்சா ரகம். இதற்குப் பதில் சொல்ல இரண்டு கடிகாரங்களைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று செடிக்குள் இருப்பது, இன்னொன்று மண்ணுக்குள் இருப்பது. சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடா 2018-லும் ஜெர்மனி 2024-லும் வீட்டு வளர்ப்புக்கு எண்ணிக்கை வரம்போடு அனுமதி கொடுத்தன. இன்னும் மிகப் பல நாடுகளில் ஒற்றைச் செடி வைத்திருந்தாலும் சிறைதான். உங்கள் நாட்டுச் சட்டம் என்னவோ அதுதான் உங்களுக்கு. செடி எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் எல்லா நாட்டுக்கும் ஒன்று.

சாதாரணக் கஞ்சாச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கிறது. கோடை முடிந்து இரவு நீளும்போது பூ வரும். அறைக்குள் வளர்ப்பவர்கள் 18 மணி நேரம் விளக்கு எரித்தால் செடி இலையாக விட்டுக்கொண்டே போகும். 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்று மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் பூ எட்டிப்பார்க்கும். இந்த உண்மையை உலகம் முதலில் கவனித்ததே கஞ்சாவிலும் அதன் உறவான ஹாப்ஸ் கொடியிலும்தான் என்பது பலருக்குத் தெரியாது. பிரான்சில் ஜூலியன் தூர்நுவா என்ற இளம் ஆய்வாளர் 1912 வாக்கில், வெளிச்சத்தைக் குறைத்தால் இவை முளைத்த கொஞ்ச நாளிலேயே பூப்பதைக் கண்டார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணமாக இருக்கும் என்றுகூட எழுதினார். அப்புறம் முதல் உலகப்போர் வந்தது, போரில் உயிரை விட்டார். 1920-ல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலையை வைத்து இதையே விரிவாக நிறுவினார்கள். பெயரும் அவர்களுக்கே போனது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செடி எதை அளக்கிறது, பகலையா இரவையா? 1938-ல் ஹாம்னரும் போன்னரும் மருளூமத்தைச் செடியை எடுத்துக்கொண்டார்கள். எட்டரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு கிடைத்தால் பூக்கும் செடி அது, ஒரே ஒரு நீண்ட இரவே போதும். பகல் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்குப் போட்டார்கள், அந்த இரவே செல்லாததாகிவிட்டது, பூ வரவில்லை. ஆக, தொடர்ச்சியான இருட்டு எவ்வளவு நேரம் என்பதே கணக்கு. வளர்ப்புக் கூடாரத்தின் ஜிப் இடுக்கில் கசியும் தெருவிளக்கு வெளிச்சம் பூப்பைக் குழப்புவது இதனால்தான்.

அந்த விளக்கு என்ன நிறம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. சிவப்பு ஒளி, அதாவது 660 நானோமீட்டர் அளவில் இருப்பது, இரவைக் கெடுக்கும். உடனே பின்னாலேயே 730 நானோமீட்டர் தொலைசிவப்பு ஒளியைக் காட்டினால், கெட்ட இரவு சரியாகிவிடும்! மறுபடி சிவப்பு, மறுபடி தொலைசிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினால் கடைசியில் காட்டியது எதுவோ அதுவே செல்லும். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக்கும் ஹென்ட்ரிக்ஸும் அவர்கள் குழுவினரும் 1952-ல் லெட்டூஸ் விதை முளைப்பதிலும் இதே விளையாட்டைப் பார்த்தார்கள். பூப்பது, விதை முளைப்பது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைக்கும் பின்னால் ஒரே நிறமிதான் இருக்க வேண்டும், அது இரண்டு வடிவங்களுக்கு இடையே புரண்டுகொண்டே இருக்க வேண்டும் என்று, அந்த நிறமியைக் கண்ணால் காணாமலேயே ஊகித்தார்கள். 1959-ல் கருவியில் அது பிடிபட்டது, இன்று ஃபைட்டோகுரோம் என்கிறோம். லெட்டூஸ் விதைக்கு எதற்கு ஒளி என்று கேட்டு அன்றைக்கு நிதியை நிறுத்தியிருந்தால் இது எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது. உடனடிப் பலன் என்ன என்று கேட்டே ஆய்வுப் பணத்தை அளக்கும் போக்கு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

வெளிச்சத்தை உணர்வது ஃபைட்டோகுரோம் என்றால், நேரத்தை அளப்பது எது? இருட்டில் இந்த நிறமி மெல்ல மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்புவதே மணல் கடிகாரம்போல் வேலை செய்கிறது என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்த மாற்றம் இரவு முடியும் முன்பே முடிந்துவிடுகிறது, கணக்கு உதைக்கிறது. 1936-லேயே எர்வின் ப்யூன்னிங் வேறு மாதிரி சொல்லியிருந்தார்: செல்லுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் கடிகாரம் இருக்கிறது, அதன் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்றே செடி பார்க்கிறது. அவர் சொன்னதுதான் நின்றது.

இருட்டை உணர்வது இலை. பூப்பதோ தண்டின் நுனி. இடையே செய்தி கொண்டுபோவது யார்? செவந்திச் செடியில் சோதித்துப் பார்த்த சோவியத் ஆய்வாளர் மிகயில் சைலாக்யான் 1937-ல் அந்தத் தூதுப்பொருளுக்கு ஃப்ளோரிஜென் என்று பெயர் வைத்தார். பெயர் இருந்தது, பொருள் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேடினார்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பலர் கைவிட்டார்கள். 2007-ல்தான் எஃப்டி என்ற சின்னப் புரதம் இலையில் உருவாகி, சர்க்கரை போகும் அதே குழாய் வழியே நுனிக்குப் போய்ச் சேர்வதை அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியிலும் நெல்லிலும் தனித்தனிக் குழுக்கள் காட்டின. எழுபது ஆண்டுத் தேடல்!

சரி, ஆட்டோஃப்ளவருக்கு வருவோம். இந்தக் குணம் 1924-ல் ரஷ்யாவின் யானிஷெவ்ஸ்கி விவரித்த ருடராலிஸ் என்ற காட்டுக் கஞ்சாவிலிருந்து வந்தது. வடக்கே கோடை குறுகியது, இரவு நீளட்டும் என்று காத்திருந்தால் விதை முற்றும் முன்பே பனி வந்து செடியைக் கொன்றுவிடும். அதனால் இரவைப் பார்க்காமலேயே பூக்கும் செடிகள் அங்கே தப்பின. முக்கியக் காரணமாகக் கருதப்படும் மரபணு அண்மையில்தான் பிடிபட்டது. பிஆர்ஆர்37 என்ற மரபணு மேலே சொன்ன கடிகாரத்தின் ஒரு பாகம். நீண்ட பகல் இருக்கும்வரை பூப்பைத் தடுத்து வைக்கும் பிரேக் அது. ஆட்டோஃப்ளவரில் அந்த மரபணுவின் செய்தி வெட்டி ஒட்டப்படும் இடத்தில் ஒரு பிழை விழுந்து, புரதம் உருப்படியாக வருவதில்லை. தாய், தந்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குணம் வெளிப்படும். அதனால்தான் சாதாரணக் கஞ்சாவோடு கலந்த முதல் தலைமுறையில் ஆட்டோஃப்ளவர் பெரும்பாலும் காணாமல் போகிறது.

இதே மரபணுக் குடும்பத்தை மனிதன் வேறு பயிர்களில் தெரியாமலேயே தேர்ந்தெடுத்திருக்கிறான். நீண்ட பகலிலும் நேரத்தோடு கதிர் விடும் சோள ரகங்களில் பழுதாகியிருப்பது இதே பிஆர்ஆர்37 என்று 2011-ல் தெரிந்தது. பசுமைப் புரட்சிக் கோதுமைகள் எந்த நாட்டுக்குப் போனாலும் விளைந்ததற்கு ஒரு காரணம் இந்தக் குடும்பத்து மரபணு ஒன்றில் ஏற்பட்ட மாற்றம். சோளத்தில் தெரிந்தது கஞ்சாவில் தெரிய இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. செடி கடினமானது என்பதாலா? இல்லை. அமெரிக்காவில் 1968 முதல் 2021 வரை ஆய்வுக்கான கஞ்சாவை வளர்க்க மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத்தான் உரிமம் இருந்தது. போதைப்பொருளைக் கட்டுப்படுத்துவது வேறு, தாவரவியலாளரின் கையைக் கட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில் நாம் நிறைய இழந்திருக்கிறோம்.

பிரேக் இல்லாத செடி, முளைத்த அன்றே பூத்துவிடாமல் மூன்று முதல் ஐந்து வாரம் பொறுப்பது எப்படி? அதற்கு வயதை எண்ணும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. பல தாவரங்களில் பார்த்த கதை இது: இளஞ்செடியில் எம்ஐஆர்156 என்ற குட்டி ஆர்என்ஏ நிறைந்திருக்கும், பூக்கத் தூண்டும் புரதங்களை அது அமுக்கி வைக்கும். வயது ஏற ஏற அதன் அளவு குறையும், அமுக்கம் விலகும். செடி எவ்வளவு உயரம், எத்தனை கிளை என்பதெல்லாம் இந்தக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. அதுமட்டுமல்ல, தழைச்சத்து (நைட்ரஜன்) ஓரளவு குறைந்தால் பூப்பு முந்திக்கொள்ளும் என்று அரபிடாப்சிஸில் காட்டியிருக்கிறார்கள். சாகும் முன் விதை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் தாவரத்துக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வாசகரின் பட்டினிச் செடி பூப்பதில் ஆச்சரியமே இல்லை.

பட்டினி ஏன் வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி, அதற்கு மண்ணின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சோயா பிண்ணாக்கிலும் குதிரை மசால் தூளிலும் தழைச்சத்து ஏராளம், ஆனால் அது புரதமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. வேரால் புரதத்தை அப்படியே பெரிய அளவில் உறிஞ்ச முடியாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை அமினோ அமிலமாக உடைத்து, அமோனியமாக்கி, அதை இன்னொரு கூட்டம் நைட்ரைட்டாக்கி, கடைசியில் நைட்ரேட்டாக்கித் தர வேண்டும். அந்தக் கடைசிக் கூட்டத்தை 1890 வாக்கில் பிரித்தெடுத்தவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. வெளிச்சமே இல்லாமல், அமோனியாவையோ நைட்ரைட்டையோ எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் கரியமில வாயுவை உணவாக்கி வாழும் உயிர்கள் அவை. எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மெதுவாகத்தான் பெருகும். மண் குளிர்ந்தாலோ அமிலம் மிகுந்தாலோ இன்னும் சோம்பிப்போகும்.

இதைக் கண்ணாலும் மூக்காலும் பின்தொடரலாம். பிண்ணாக்குத் தூளை ஈர மண்ணில் கலந்து மூடி வைத்துச் சில நாளில் திறந்தால், மேலே வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கும், கையை வைத்தால் வெதுவெதுப்பு, மூக்கில் ஏறும் அமோனியா நெடி. அந்த நேரத்தில் விதை போட்டால் வேர் கருகும். இன்னும் இரண்டு மூன்று வாரம் போகட்டும், நெடி அடங்கி, முதல் மழைக்கு எழும் மண்வாசனை வரும். அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் விடும் ஜியோஸ்மின். அப்போதுதான் பந்தி தயார்.

ஆட்டோஃப்ளவரின் மொத்த ஆயுளே பெரும்பாலும் எழுபது முதல் தொண்ணூறு நாள். நான்காம் வாரம் இலை வெளிறியதைப் பார்த்துப் பிண்ணாக்கு போட்டால், அது நைட்ரேட்டாகி வேருக்கு வரும்போது செடி இலை போடும் வயதைக் கடந்திருக்கும். சாதாரணச் செடி என்றால் விளக்கை 18 மணி நேரத்திலேயே வைத்து, தேறிய பிறகு பூக்க விடலாம். ஆட்டோஃப்ளவரிடம் அந்தப் பேச்சே எடுபடாது. இரசாயன உரத்தில் நைட்ரேட் தயாராக இருப்பதால் தவறைப் பாதியில் திருத்திவிட முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வேருக்குள் நுழையும்போது இரண்டும் ஒரே நைட்ரேட் அயனி.

எல்லாச் சத்தும் இப்படித் தாமதிப்பதில்லை. சாம்பல்சத்து (பொட்டாசியம்) தாவர செல்லில் எதனோடும் கட்டுப்படாமல் அயனியாக மிதக்கிறது, இலையை ஊறவைத்தாலே தண்ணீரில் இறங்கிவிடும். காம்ஃப்ரே என்ற செடியின் இலை ஊறல் உடனே வேலை செய்வதுபோல் தெரிவது இதனால்தான். விதைப் பிண்ணாக்கில் உள்ள மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டிய வடிவில் இருக்கிறது, அதை நுண்ணுயிர்களின் நொதி உடைக்க வேண்டும். வைக்கோல், மரத்தூள் போல கரி மிகுந்த பொருளைக் கலந்தாலோ நிலைமை தலைகீழ்: அதைத் தின்னவரும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், செடி மேலும் வெளிறும். வேப்பம் பிண்ணாக்கு நல்ல உரம்தான், ஆனால் அமோனியம் நைட்ரேட்டாவதை அது தாமதப்படுத்தும், அவசரத்துக்கு உதவாது.

வாழைப்பழத் தோல் ஊறல் கொடுத்தால் பூ பெருக்கும் என்று பரப்புகிறார்கள். அதில் சாம்பல்சத்து உண்டு, தழைச்சத்து சொற்பம். பட்டினி கிடக்கும் செடிக்கு அது சாப்பாடு ஆகாது. வளர்பிறையில் விதைத்தால் வீரியம் என்பதும் அப்படியே. முழுநிலவின் ஒளி அரை லக்ஸுக்கும் குறைவு, அதிலும் ஆட்டோஃப்ளவர் இரவைப் பார்ப்பதையே விட்டுவிட்ட செடி. அதற்குப் பிறை சொல்லிப் பயனில்லை. அளந்து பார்த்துச் சொல்லுங்கள், நம்புகிறேன். நம்பிவிட்டு அளக்க மறுப்பது தோட்டக்கலைக்கு நல்லதல்ல.

அதனால் வாசகருக்கு: இந்தச் செடியை இனி நீட்ட முடியாது, பூக்கட்டும். இப்போது கூடுதலாகப் பிண்ணாக்கு போட வேண்டாம். பூ முற்றும்போது கீழ் இலை மஞ்சளாவது ஓரளவு இயல்பு, செடி பழைய இலையிலிருக்கும் தழைச்சத்தைக் கழற்றிப் பூவுக்கு அனுப்புகிறது. அறுவடை முடிந்ததும் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் போட்ட பிண்ணாக்கில் ஒரு பகுதி இன்னும் அதில்தான் கிடக்கிறது, நைட்ரேட் செய்யும் கூட்டமும் இப்போதுதான் பெருகியிருக்கிறது. ஈரம் காயாமல் வைத்திருந்து, அமோனியா நெடி இல்லை என்று முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த விதையை அதே மண்ணில் போடுங்கள்.