தடம்: ‘ஃபுட்பிரின்ட்’டுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

விலையுயர்ந்த கைப்பை, கடிகாரம், நகை செய்யும் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் ‘ஃபுட்பிரின்ட்’ என்ற சொல் தவறாமல் வருகிறது. கார்பன் ஃபுட்பிரின்ட், வாட்டர் ஃபுட்பிரின்ட், என்விரான்மென்டல் ஃபுட்பிரின்ட் என்று பல சேர்க்கைகள். தொழிலால் சூழலுக்கு நேரும் பாதிப்பின் அளவைச் சொல்பவை இவை. தமிழில் இதைக் காலடி, காலடித் தடம், அடிச்சுவடு, தடம் என ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எதை எழுதினால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொகுசுப் பொருள் தொழிலை எடுத்துக்கொண்டால் இவற்றின் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

முதலில் ஆங்கிலச் சொல். ‘ஃபுட்’ பாதம், ‘பிரின்ட்’ பதிவு. மண்ணில் பதிந்த பாத அடையாளம் என்பதே பழைய பொருள். இருபதாம் நூற்றாண்டில் பொருள் விரிந்தது. செயற்கைக்கோளின் அலைகள் எட்டும் நிலப்பரப்பு, ஓர் இயந்திரம் அடைக்கும் இடம் ஆகியவற்றையும் ஃபுட்பிரின்ட் என்றார்கள். சூழலியலுக்கு இது வந்த வழி சுவையானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ் என்ற பேராசிரியர், ஒரு நகரத்து மக்கள் வாழ எவ்வளவு நிலமும் நீரும் வேண்டும் என்று கணக்கிட்டு வந்தார். அதற்கு அவர் முதலில் வைத்திருந்த பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. கணினித் தொழில்நுட்பர் ஒருவர், புதிய கணினிக்கு மேசையில் ஃபுட்பிரின்ட் குறைவு என்று பாராட்டப்போய், ரீஸுக்கு வேண்டிய சொல் கிடைத்தது. 1992இல் அதை அவர் ஆய்வுக் கட்டுரையில் கையாண்டார். அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகல் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தார். அப்புறம், 2000களின் நடுவில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்கள் ‘கார்பன் ஃபுட்பிரின்ட்’டை ஊரெங்கும் பரப்பின.

இதில் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ரீஸின் கணக்கு நிலப்பரப்பில், அதாவது ஹெக்டேரில் முடிந்தது. கார்பன் கணக்கோ எடையில், டன்னில் முடிகிறது. பாதத்தின் உருவம் மறைந்து, ‘விளைவுகளின் மொத்தக் கணக்கு’ என்ற பொருள்தான் சொல்லில் தங்கியிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘காலடி’ என்றதும் பக்கத்தில் இருப்பது, காலுக்குக் கீழே கிடப்பது என்ற எண்ணமே எழும். ‘சுவடு’ அழகான சொல். ஆனால் அது பெரும்பாலும் போனபின் மிஞ்சியதைச் சொல்கிறது. சுவடு தெரியாமல் போவது என்ற வழக்கே இருக்கிறது. ‘தடம்’ இரண்டையும் தாண்டிப் போகிறது. யானைத் தடம் என்றால் பதிந்த அடையாளம். ஒற்றையடித் தடம் என்றால் வழி. ரயில் தடம் புரள்கிறது, பேருந்துக்குத் தட எண் இருக்கிறது. பதிவு, பாதை இரண்டுக்கும் ஒரே சொல். (தொல்காப்பியம் ‘தட’ என்ற உரிச்சொல்லுக்குப் பெருமை என்றும் வளைவு என்றும் பொருள் தருகிறது. தடந்தோள், தடங்கண் என்பவற்றில் இருப்பது அந்தத் ‘தட’. இங்கே பேசுவது அதையல்ல.)

பதிவோடு பாதையும் ஏன் வேண்டும்? ஏனென்றால், ஒரு சொகுசு நிறுவனம் உண்டாக்கும் பாதிப்பில் பெரும்பகுதி அதன் கால் படாத இடத்தில் நிகழ்கிறது. இதை எண்களால் காட்டிய முதல் பெரிய முயற்சி பூமாவுடையது. பூமா விளையாட்டுப் பொருள் நிறுவனம்தான். ஆனால் அப்போது கூச்சி, பொத்தேகா வெனெட்டா போன்ற சொகுசு நிறுவனங்களை வைத்திருக்கும் கெரிங் குழுமத்தில் இருந்தது. குழுமத்தின் அன்றைய பெயர் பிபிஆர். 2010ஆம் ஆண்டுக்கான ‘சுற்றுச்சூழல் இலாப நட்டக் கணக்கை’ பூமா 2011இல் வெளியிட்டது. இயற்கைக்கு நேர்ந்த இழப்புக்குப் பண மதிப்புப் போட்டதில் 14.5 கோடி யூரோ வந்தது. அதில் பூமாவின் சொந்த அலுவலகம், கிடங்கு, கடைகளின் பங்கு 80 லட்சம் யூரோ, அதாவது 6 சதவீதம். மீதி முழுவதும் அதற்குப் பொருள் வழங்கியவர்களிடம். தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள்களை உண்டாக்கும் கட்டத்திலேயே 57 சதவீதம். பின்னர் கெரிங் இந்த முறையைத் தன் சொகுசு நிறுவனங்களுக்கும் விரிவாக்கியது.

அதாவது, கடையில் எல்ஈடி விளக்குப் போட்டால் 6 சதவீதத்துக்குள்தான் வேலை நடக்கும். மற்றதைப் பார்க்க வேண்டுமானால் தடம் பிடித்து நடக்க வேண்டும். கைப்பையிலிருந்து தோல் பதனிடும் ஆலைக்கு. அங்கே குரோமிய உப்பும் கழிவுநீரும். ஆலையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு. அங்கே மாடும், அது வெளிவிடும் மீத்தேனும், சில நாடுகளில் மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்ட காடும். ‘கேஷ்மியர்’ என்னும் ஆட்டுக் கம்பளித் துணியின் தடம் மங்கோலியப் புல்வெளிக்குப் போகிறது. 1990களில் மந்தைகள் தனியார் கைக்கு மாறியபின் அங்கே ஆடுகள் பல மடங்கு பெருகின, புல்வெளி நலிந்தது. தங்க மோதிரத்தின் தடம் சுரங்கத்தில் முடிகிறது. ஒரு டன் பாறையை உடைத்தால் பெரும்பாலும் கிடைப்பது சில கிராம் தங்கம்.

மாட்டின் மீத்தேனைச் சொன்னதால் ஒரு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கார்பன் ஃபுட்பிரின்ட்’டைக் கரியமிலத் தடம் என்று எழுதுவது சரியல்ல. கரியமில வாயு என்பது கார்பன் டை ஆக்சைடு மட்டும். இந்தக் கணக்கில் மீத்தேனும், பருத்திக்கு இடும் தழைச்சத்து உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடும் அடக்கம். எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான எடையாக மாற்றிக் கூட்டுகிறார்கள். ஆகவே கரிமத் தடம் அல்லது கார்பன் தடம். நீர், நிலம், கழிவு எல்லாம் சேர்ந்தால் சூழல் தடம். தண்ணீருக்கு நீர்த்தடம். ஒரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் நீரைக் குறிக்க ‘மறைநீர்’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. விளக்கமே தேவைப்படாத சொல்லாக்கம் அது.

தடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பொருள் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று கண்டறிவதை ஆங்கிலத்தில் ‘டிரேஸபிலிட்டி’ என்கிறார்கள். ஃபுட்பிரின்ட்டுக்கும் அதற்கும் வேர் வேறு. பின்னது இழுத்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் ஒன்று தடம், மற்றது தடமறிதல். சொல்லே இரண்டையும் கட்டிப்போடுகிறது: தடமறியாமல் தடத்தை அளக்க முடியாது. முதலைத் தோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் ஏற்பாட்டின்படி, நாடு கடந்து விற்கப்படும் முதலைத் தோலில் ஒருமுறை மாட்டினால் திரும்பப் பயன்படுத்த முடியாத பட்டை இருக்க வேண்டும். எந்த நாடு, எந்த ஆண்டு, வரிசை எண் என்ன என்று அதில் பதிந்திருக்கும். மாட்டுத் தோலுக்கு அப்படிப் பொதுவான பட்டை இல்லை. பல பண்ணைகளின் தோல் ஒரே ஆலையில் கலந்துவிடுவதால் தடம் அங்கேயே அறுந்துபோகிறது.

விற்காத சரக்கின் கதை வேறு. பர்பெரி என்ற பிரிட்டிஷ் சொகுசு ஆடை நிறுவனம் 2017–18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அழித்ததாக அதன் அறிக்கையிலிருந்து தெரியவந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. மலிவு விலைக்குப் போனால் பெயர் கெடும் என்ற அச்சத்தில் சொகுசுத் தொழிலில் இருந்துவந்த பழக்கம் அது. 2018 செப்டம்பரில் பர்பெரி அதைக் கைவிட்டது. உணவல்லாத விற்காத பொருள்களை அழிப்பதைத் தடுக்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 2020இல் இயற்றியது. பொருளை எரித்தால் பொருள்தான் போகும். புல்வெளியிலும் சுரங்கத்திலும் விழுந்த தடம் அப்படியே இருக்கும். பிரெஞ்சு சொகுசு நிறுவனமான எர்மேஸ் 2010இல் தொடங்கிய ‘பெத்தி தாஷ்’ பிரிவு வெட்டியதில் மிஞ்சிய தோலையும் பட்டுத் துணியையும் வைத்துப் புதுப் பொருள் செய்கிறது. எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு சொகுசுக் குழுமத்தில் 2021இல் பிறந்த ‘நோனா சோர்ஸ்’ தேங்கிய துணியை மற்ற வடிவமைப்பாளர்களுக்கு விற்கிறது. அளவில் சிறியவை என்றாலும், ஏற்கெனவே பதிந்த தடத்துக்குப் பயன் தேடும் வேலைகள் இவை.

எழுதும்போது வினையையும் பார்த்துப் போடலாம். தடம் பதிகிறது, நீள்கிறது, குறைகிறது. ஓராண்டின் தடத்தை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு ‘குறைத்தது’ என்று எழுதலாம். வேறெங்கோ மரம் நட்டு ஈடுசெய்த நிறுவனத்தைத் ‘தடத்தை அழித்தது’ என்று எழுதினால் பிழை. ‘தடத்துக்கு ஈடுசெய்தது’ என்பதே சரி. கரிமம் என்ற சொல்லின் இறுதி மகரம் கெடுவதால் ‘கரிமத் தடம்’ என ஒற்று மிகும். ‘கார்பன் தடம்’ என்பதில் மிகாது.