பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா?

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "மகனுக்கு ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடக்கிறது. 4 ஜிபி ராம். லினக்ஸ் போட்டு, குடும்பப் போட்டோக்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், விளம்பரம் தடுக்க பை-ஹோல் ஓட்டலாம் என்றிருக்கிறேன். நேரடியாகப் போடவா, விர்ச்சுவல் மெஷினா, டாக்கரா?"

டாக்கரே போடுங்கள். ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் எனும் தனி அடைப்பில் ஓட்டும் கருவி அது. விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் ஒரு கணினி. ஒவ்வொன்றும் தனி கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப்பகுதி) முழு இயங்குதளத்தைச் சுமக்கும். 4 ஜிபி தாங்காது. நேரடியாகப் போட்டால் இரண்டின் வலைப்பக்கமும் 80ஆம் போர்ட்டுக்கு, அதாவது நெட்வொர்க் வழி வருவோருக்கான ஒரே எண்ணிட்ட வாசலுக்கு, மோதும்.

உண்மையில் கன்டெய்னர் என்று ஒரு பெட்டி கணினிக்குள் எங்குமே கிடையாது. ஓடுவது சாதாரண ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அதற்கு எது வேண்டுமானாலும் கெர்னலைத்தான் கேட்க வேண்டும்: என் எண் என்ன, இந்தக் கோப்பு எங்கே, 80ஆம் போர்ட் காலியா? கேட்பது யார் என்று பார்த்து கெர்னல் பதிலை மாற்றிச் சொல்லும் ஏற்பாடுதான் நேம்ஸ்பேஸ். நெக்ஸ்ட்கிளவுட் கன்டெய்னருக்குள் போய் ப்ராசஸ் பட்டியலைப் பாருங்கள். முதல் ப்ராசஸின் எண் 1. வெளியே வந்து பார்த்தால் அதுவே 2417 என்பதுபோல் வேறொரு எண்ணில் நிற்கும். நகல் அல்ல, ஒரே ப்ராசஸுக்கு இரண்டு எண். வெளியிலிருந்து 2417ஐக் கொன்றால் உள்ளே 1 சாகும், அந்த கன்டெய்னரே முடிந்துபோகும். எவ்வளவு அழகான யோசனை! போர்ட்டும் அப்படித்தான். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றுக்கும் தனி போர்ட் வரிசை. இரண்டு சேவையும் தத்தம் 80இல் உட்காரலாம். வெளியே ஒன்றை 8080இல் இணைத்தால் போதும். எஸ்டேட் லயன் வீடுகள் மாதிரி, கதவு தனித்தனி, கூரை ஒன்று. அந்தக் கூரையான கெர்னலில் ஓட்டை விழுந்தால் எல்லோருக்கும் ஆபத்து. நம்பகமில்லாத மென்பொருளை ஓட்டுவதென்றால் விர்ச்சுவல் மெஷினே மேல்.

ராமுக்கு வரம்பு கட்டுவது சிகுரூப் என்ற இன்னொரு கெர்னல் வசதி. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய வேலை. 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு 1.5 ஜிபி என்று வைத்துவிட்டால், மீறும்போது அதற்குள் இருக்கும் ப்ராசஸைத்தான் கெர்னல் கொல்லும். பை-ஹோல் தப்பிக்கும். இவ்வளவு ஆழமான வேலை யாரும் எடுத்தாளும்படி திறந்து கிடக்கிறது. செயலிப் போட்டிகளுக்குப் பரிசு கொடுப்பதோடு நிற்காமல், கெர்னலுக்குள் கைவைக்கும் மாணவர்களுக்கும் நம் கல்லூரிகள் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியே யுபிஎஸ். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள். பனிமூட்டத்துக்கும் பயப்பட வேண்டாம். ஓடும் லேப்டாப் அறையைவிடச் சூடாக இருப்பதால் ஈரம் அதன்மேல் படியாது. நாள்கணக்கில் அணைத்து வைப்பதுதான் கெடுதல்.

கன்டெய்னரை அழித்துத் திரும்ப உருவாக்கலாம், போட்டோவை முடியாது. ஆகவே தரவை வெளியே ஒரு ஃபோல்டரில் வால்யூமாக (கன்டெய்னரோடு இணைக்கும் வெளிச் சேமிப்பு) வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி அடித்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கலாம். முதலில் டம்ப் (டேட்டாபேஸே தன் தரவை முழுமையாக எழுதித் தரும் கோப்பு) எடுத்து, அதைப் போட்டோக்களோடு இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.