சும்மா நின்ற பையன்கள்

போன வாரமும் என் வக்கீல் ஆபீசுக்கு ஒரு பையன் வந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி, மருத்துவம் மூன்றையும் தாண்டியவன், பழைய வழக்கு உண்டா என்று பார்க்கும் போலீஸ் வெரிஃபிகேஷனில் விழுந்துவிட்டான். முதல் வருஷம் படிக்கும்போது மின்சார ரயிலில் கானா பாடிக்கொண்டு போன கும்பலில் இவனும் ஒருத்தன். பிளாட்பாரத்தில் இன்னொரு காலேஜ் பையன்களோடு அடிதடி. "நான் கையே வைக்கல சார், சும்மாதான் நின்னேன்." கூட வந்த அம்மா எதுவும் பேசவில்லை. பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து மேசையில் வைத்தார். 'ரூட்டு தல', அதாவது அந்த ரூட்டில் போகும் மாணவர் கும்பலுக்குத் தலைவன், யாரென்று கேட்டேன். அவன் பெயர் எஃப்.ஐ.ஆரிலேயே இல்லையாம்.

சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஐந்து பேர் போதும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 149, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 190: ஒருத்தன் அடித்தாலும் பொது நோக்கத்தோடு நின்ற எல்லோர் மேலும் பாயும். உனக்கு அந்த நோக்கம் இல்லை என்று கோர்ட் சொல்லலாம். வாய்தா மேல் வாய்தா போய், வருஷக்கணக்கு கழித்து.

என் வயிற்றெரிச்சல் வேறு. வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன்கள் கேட்கிறார்கள்: "விடுதலை ஆயிடுச்சே, ஃபார்ம்ல எதுக்கு எழுதணும்?" இதை எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ! 'உங்கள் மீது வழக்கு இருந்ததா' என்றுதானே கேட்கிறார்கள்? விடுதலையானாலும் இருந்தது இருந்ததுதான். அவதார் சிங் வழக்கில் 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைது, வழக்கு, விடுதலை எதையும் மறைக்கக் கூடாது. இளவயதில் கோஷம் போட்டது மாதிரியான சில்லறை விஷயத்தை அதிகாரி பெரிதுபடுத்தாமல் விடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உண்மையை எழுதியவனுக்காக வாதாட என்னிடம் நாலு வார்த்தை இருக்கும். 'இல்லை' என்று எழுதிவிட்டு வருபவனுக்கு நான் என்ன பேச? தமிழ்நாடு போலீஸ் வேலை இன்னும் கறார். சந்தேகத்தின் பலனில், அதாவது குற்றம் ஐயமற நிரூபணமாகாததால், விடுதலையானவனையும் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே விதி பார்க்கிறது. ஆகவே எந்தக் காரணத்தில் விடுதலை என்று தீர்ப்பின் கடைசிப் பாராவைப் படியுங்கள்.

சம்பவத்தன்று பதினெட்டு நிறையவில்லையா? சிறுவயதுக் குற்றத்தால் வரும் தகுதியிழப்பை நீக்கும் சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். முதல் வருஷப் பையன்கள் பலருக்கு இது பொருந்தும், ஒருத்தரும் கேட்பதில்லை.

கூட்டாளியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் ஃபுட்போர்டில் தொங்கியவன்தான். ஆனால் பையில் என்ன வைத்திருக்கிறான் என்று சொல்லாத சீனியரோடு ஏறாதே, அடுத்த பெட்டிக்குப் போ. 'பஸ் டே', அதாவது பஸ்ஸில் மாணவர்கள் கும்பலாய்க் கொண்டாடும் நாள், என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அன்றைக்கு வீட்டிலேயே கிட.

கேஸ் ஏற்கெனவே விழுந்திருந்தால் எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு இரண்டுக்கும் நகல் எடுத்து வையுங்கள் தம்பிகளா. ஃபார்மில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், பத்து நிமிஷ வேலை.