குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பு இல்லை

நான் குழந்தை மருத்துவர். கோடை லீவு விட்டால் போதும், குரங்கு கடித்தது, பிறாண்டியது என்று யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கே என்று கேட்டால் அழகர்கோவில், கொடைக்கானல், ஏற்காடு. பிள்ளை கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்திருக்கும், குரங்கு பல்லைக் காட்டியிருக்கும், சிரிக்கிறது என்று நினைத்து இவன் கிட்டப் போயிருப்பான்.

பல்லை இளித்தால் அது பயந்திருக்கிறது. வாயை அகலத் திறந்து முறைத்தால் மிரட்டுகிறது. படப் புத்தகத்தில் 'கு - குரங்கு' சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள், மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

கோயில்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நாட்டுக் குரங்கு, தென்னிந்தியாவில் மட்டுமே இருப்பது. உச்சந்தலை முடி வகிடெடுத்துக் குல்லா போட்ட மாதிரி இருக்கும் (குல்லா வியாபாரி கதை சொல்ல வசதி!). அதன் கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் பை உண்டு. கிடைத்ததைப் பிடுங்கி அதில் அடைத்துக்கொண்டு மரத்துக்கு ஓடிவிடும், அப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி வெளியே எடுத்து மெல்லும். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்தி இதைக் காட்டுங்கள், கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். கறுத்த முகமும் நீள வாலுமாக இருக்கும் சாம்பல் மந்திக்கு இந்தப் பை கிடையாது, இலைதழைதான் அதற்கு முக்கியச் சாப்பாடு. வால்பாறைப் பக்கம் போனால் சிங்கவால் குரங்கையும் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் அது காட்டில் வாழ்வதில்லை.

தீனி மட்டும் போடாதீர்கள். கையில் வாங்கித் தின்று பழகிய குரங்குதான் நாளைக்கு இன்னொரு பிள்ளையின் பையைப் பிடித்து இழுக்கிறது. இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, கத்திக்கொண்டு ஓடவும் கூடாது. குட்டி வைத்திருக்கும் தாய்க்குப் பக்கத்தில் செல்ஃபி எடுக்கவே கூடாது.

அப்படியும் கடித்துவிட்டால் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். 'நாய் கடித்தால்தானே ஊசி' என்று பலர் கேட்கிறார்கள். குரங்குக்கும் வெறிநோய் வரும், வந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனால் லேசாகத் தோல் கீறியிருந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்தான். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் சீட்டில் எழுதிக்கொடுக்கும் தேதிகளில் போய் எல்லாத் தவணையையும் முடியுங்கள்.