கொரியாவில் வலிய வந்து பழகும் அக்காக்கள்

செமஸ்டர் பாதி ஓடியதும் யாராவது ஒருவர் என் அறைக்கு வந்து "மேடம், ஒரு சின்ன விஷயம்" என்று தயங்குவார். சியோலுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். இந்த முறை வந்தவர் நம்மூர்ப் பிஎச்டி மாணவி. சியோலில் இளைஞர்கள் கூடும் ஹோங்தே தெருவில் ஓர் அக்கா, குணத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று படிவம் நீட்டியிருக்கிறார். பிறகு காபி, இலவசக் கொரியப் பயிற்சி, 'மனசுக்கான வகுப்பு', கடைசியில் பைபிள். அதற்குள் லேப் வேலை மொத்தமாகப் படுத்துவிட்டது.

பெயர்கூடத் தெரியாத இடத்துக்கு ஏம்மா இத்தனை நாள் போனீர்கள் என்றேன். "நான்தான் இந்து ஆச்சே மேடம், என்னை என்ன பண்ணிட முடியும்?"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மதம் மாறச் சொல்லி யாரும் ஆரம்பிப்பதில்லை, ஐயா! முதலில் வாங்குவது உங்கள் காகாவோ ஐடி, அதாவது இந்த ஊர் வாட்ஸ்அப். அடுத்து சனிக்கிழமை. அதற்கடுத்து, "இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே, புரியாமல் தடுப்பார்கள்" என்று ஒரு சத்தியம். அது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத ஊரில் தினமும் கேட்கிற ஒருத்தியிடம் "வரமாட்டேன்" என்று சொல்ல வாய் வராது. இதில் உங்கள் சாமி எங்கே வருகிறது? படிப்பும் காப்பாற்றாது. "என்னதான் சொல்கிறார்கள், பார்ப்போமே" என்று கடைசிவரை உட்கார்ந்திருப்பது படித்தவர்தான்.

சொல்லப்போனால் பக்தி உள்ளவர்களை இழுப்பது இன்னும் சுலபம். தெருவில் இரண்டிரண்டு பேராக வந்து, பாரம்பரியக் கலாசாரம் காட்டுகிறோம் என்று கூப்பிடும் கூட்டம் ஒன்று உண்டு. கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்தி, படையல் வைத்து, உங்கள் முன்னோர் மனக்குறையோடு இருக்கிறார்கள், சடங்குக்குப் பணம் வையுங்கள் என்பார்கள். தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்து வளர்ந்த பிள்ளைக்கு வயிறு கலங்காமல் என்ன செய்யும்? கொரியர்கள் இவர்களைத் தூரத்தில் பார்த்தாலே நடையை எட்டிப் போடுவார்கள். நாம்தான் மரியாதையாக நின்று பதில் சொல்வோம்.

1984இல் இ மான்ஹீ தொடங்கிய ஷின்சொன்ஜி என்ற மதக்குழுவை, 2020இல் தேகு நகரில் கொரோனா பரவியபோது உலகமே அறிந்தது. பெயரை மறைத்துத்தான் எங்களைச் சேர்த்தார்கள் என்று முன்னாள் உறுப்பினர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் போலவே சந்தேகம் கேட்கும் 'புது மாணவர்' பல நேரம் அவர்கள் ஆள்தானாம். ஜேஎம்எஸ் என்ற இன்னொரு மதக்கூட்டம் விளையாட்டு, மாடலிங் குழுக்கள் வழியாக இளம்பெண்களை இழுத்தது. அதன் தலைவர் ஜோங் மியோங்சோக்குக்குப் பாலியல் குற்றங்களுக்காக விதித்த 17 ஆண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் 2025இல் உறுதி செய்தது. ஹாங்காங், ஆஸ்திரேலியப் பெண்களும் அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள்.

அதற்காக அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள். வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, நாங்கள் சர்ச் என்று சொல்லியே கொரியமொழி கற்றுத்தரும் இடங்கள் நிறைய உண்டு. விருப்பமிருந்தால் போகலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேம்பஸில் 'தோங்காரி' எனப்படும் மாணவர் குழுக்களில் சேருங்கள், ஆனால் பதிவான குழுதானா என்று மாணவர் சங்கத்தில் கேட்டுவிட்டு. மொழிக்கு நீதி அமைச்சகத்தின் சமூக ஒருங்கிணைப்புத் திட்டமும், சியோல் குளோபல் சென்டர் வகுப்புகளும் இருக்கும்போது தெருவில் போகிறவரிடம் ஏன் படிக்க வேண்டும்?

யார் கூப்பிட்டாலும் அமைப்பின் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதை நேவரில் (கொரியர்களின் கூகுள்) தேடுங்கள். எழுதித் தர மழுப்பினால் எழுந்து வாருங்கள். பாஸ்போர்ட், ஏலியன் கார்டு (வெளிநாட்டவர் அடையாள அட்டை) போட்டோ, அறை முகவரி எதையும் கொடுக்காதீர்கள். முதல் சந்திப்புக்கு இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். "தனியாக வா" என்றால் போகவே வேண்டாம். பணம் கேட்டு மிரட்டினால் போலீஸ் எண் 112.

ஏற்கெனவே உள்ளே போய்விட்டீர்களா? வெட்கப்படாமல் உங்கள் பல்கலைக்கழக ஆலோசகரிடம் வந்து சொல்லுங்கள், திட்டமாட்டோம். நான் கொஞ்சம் திட்டுவேன், பரவாயில்லை, வாருங்கள். ஒன்று மட்டும்: கோபத்தில் காகாவோ அறையை விட்டு உடனே வெளியேறிவிடாதீர்கள். வெளியேறினால் உங்கள் போனில் உரையாடல் முழுதும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.