பச்சைப் பொத்தானும் பைலட் தவறும்

கோவையில் கணபதி பக்கம் ஒரு பட்டறை. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இரண்டு விரல் நசுங்கி ஒரு பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு. இந்த வருஷம் இந்த வார்த்தையை நான் படிப்பது ஐந்தாவது தடவை.

"ஏனுங்க சார், பார்த்து அமுக்கியிருந்தா இப்பிடி ஆயிருக்குங்களா?" என்கிறார் முதலாளி.

பேனலில் ஒரே அளவில் மூன்று பச்சைப் பொத்தான்கள், விரல்கடை இடைவெளியில். நெல்மணி அளவு எழுத்தில் ஆங்கில ஸ்டிக்கர். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சான டையைத் துடைத்தபடியே கையை நீட்டியவன், பிரஸ்ஸை ஏற்றுவதற்குப் பதில் இறக்கிவிட்டான்.

கவனமாக இருந்தால் தப்பே வராதாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கின பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தரையில் தட்டப் படுத்தன. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை மடக்க வேண்டிய பைலட் சக்கரத்தை மடக்கிவிடுவார். பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்த ஆட்கள்! அவர்களுக்கும் 'பைலட் தவறு' என்றுதான் எழுதினார்கள். 1943-இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் ஆளை விட்டுவிட்டுக் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, அடுத்தடுத்து. சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவம் என்று மாட்டச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரியும். இன்றைக்கும் விமானங்களில் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. 1947-இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பைலட்டுகள் சொன்ன 460 தவறுகளை அலசியபோது, பாதி இதே கதை: ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொட்டது.

முதலாளிமார்களே, இறக்கும் பொத்தானை ஒரு ஜாண் தள்ளி, வேறு வடிவத்தில் வையுங்கள். இரண்டு கையாலும் ஒருசேர அமுக்கினால்தான் இறங்கும்படி வயரிங் செய்தால் இன்னும் நல்லது. சிவப்புக் காளான் தலைப் பொத்தான் அவசர நிறுத்தத்துக்கு மட்டும். மெயினை அணைத்துப் பூட்டி, முட்டுக் கொடுத்த பிறகுதான் டைக்குள் கை. இதையெல்லாமா சொல்ல வேண்டும்?

கிளம்பும்போது பக்கத்து மிஷின் அக்கா மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையன் இறக்குற பொத்தான்ல சைக்கிள் டியூப்பை வெட்டி வளையமா மாட்டி வெச்சிருந்தானுங்க. ஆடிட்டுக்கு ஆள் வராங்கன்னு பெயின்ட் அடிக்கையில கழட்டிட்டாங்க."

அந்தப் பாதுகாப்பு ஆடிட்டுக்குப் போனவன் நான்தான். பளிச்சென்று இருந்த பேனலுக்கு டிக் போட்டவனும் நான்தான்.